ஸ்பாஞ்ச் போனதற்கு ஜெட்டை ஏன் மாற்ற வேண்டும்?

கேள்வி: அப்பா ஓட்டிய 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 இப்போது என்னிடம் இருக்கிறது. பாதி ஆக்சிலேட்டரில் போகும்போது மிஸ்ஸிங் அடிக்கிறது. ஏர் பில்டரைத் திறந்தால் உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் கையோடு பொடிப்பொடியாக வருகிறது. மெக்கானிக், "பழைய பெட்டியைத் தூக்கிவிட்டு கோன் பில்டர் மாட்டிடலாம், பெரிய மெயின் ஜெட் போட்டால் பிக்கப் பிச்சுக்கிட்டுப் போகும்" என்கிறார். செய்யலாமா? - பொள்ளாச்சி வாசகர்

பதில்: வேண்டாம். பழைய பெட்டி அப்படியே இருக்கட்டும். அதற்குள் கம்பெனி அளவில் புதிய ஸ்பாஞ்ச் போடுங்கள். ஜெட்டை, அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் திருகை, இப்போதைக்குத் தொடாதீர்கள். பில்டர் பழைய மாதிரியே திரும்ப வந்துவிட்டால், உள்ளே போகும் காற்றின் அளவும் பழையபடி ஆகிவிடும். அந்தக் காற்றுக்கு ஏற்ற ஜெட், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரில் ஏற்கெனவே இருக்கிறது.

உங்கள் மெக்கானிக் சொல்வதில் ஒரு விஷயம் பொருந்தவே இல்லை. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுவது ஒரே ஒரு ஓட்டை அல்ல. ஆக்சிலேட்டரை லேசாகத் திருகியிருக்கும்போது பைலட் ஜெட், நடுவில் நீடில் (ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசி), கடைசிக் கால்வாசித் திருகலில்தான் மெயின் ஜெட். உங்கள் கோளாறு பாதித் திருகலில். அதற்கு மெயின் ஜெட்டை மாற்றி என்ன ஆகப் போகிறது? பொடிந்த ஸ்பாஞ்ச் துகள் கார்புரேட்டரின் வாயில் இருக்கும் சின்னச் சின்னக் காற்றுத் துளைகளில் போய் அடைத்திருக்கும். கார்புரேட்டரை முழுதாகப் பிரித்து, காற்றடித்துச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் மிஸ்ஸிங் போய்விடும். போகாவிட்டால் கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பரைப் பாருங்கள். 30 வருஷத்து ரப்பர் வெடித்திருந்தால், பில்டரைத் தாண்டி அந்த வெடிப்பு வழியாகவும் காற்று திருட்டுத்தனமாக நுழையும்.

புதிய ஸ்பாஞ்சை அப்படியே காய்ந்தபடி போட்டுவிடாதீர்கள். எஞ்சின் ஆயிலில் நனைத்து, கையால் அழுத்தி மிச்ச ஆயிலை எடுத்துவிட்டுப் போட வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் கிழியும். அந்த ஆயில்தான் தூசியைப் பிடிக்கிறது. சர்வீஸ் என்ற பெயரில் காற்றடித்துவிட்டு, ஆயில் இல்லாமல் மூடித் தரும் கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பெட்டியின் மூடி சரியாக உட்காருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பெட்டி இல்லாமல் வெளியே மாட்டும் கூம்பு வடிவக் கோன் பில்டர் ஏன் கூடாது? காற்று தாராளமாகப் போகும், பெட்ரோல் அதே அளவில் வரும். கலவையில் பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் சூடாகும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு இது உயிர்ப் பிரச்சினை. பிஸ்டன் விரிந்து சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும், ஓடுகிற வேகத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். (அப்படி ஆனால் உடனே கிளட்சைப் பிடியுங்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம்.) மெயின் ஜெட்டை மட்டும் பெரிதாக்கினால் முழுத் திருகலில் தப்பிக்கலாம். நாம் தினமும் ஓட்டுவது பாதித் திருகலில்தானே? பைலட், நீடில், மெயின் மூன்றையும் ஒன்றோடொன்று பொருந்த வைத்தால் கோன் பில்டரோடும் வண்டி ஓடும். அதற்குப் பொறுமையாக ப்ளக்கைக் கழற்றிக் கழற்றி அதன் நிறத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பொறுமை உள்ள கடை உங்கள் ஊரில் இருப்பது அபூர்வம்.

இப்போது நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். "பெரிய ஜெட்" என்று சொல்லிவிட்டு, இருக்கிற ஜெட்டின் துளையையே மெல்லிய கம்பியால் ராவிப் பெரிதாக்கித் தருகிறார்கள். ஜெட் பித்தளை. அந்தத் துளை ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய அளவு, அதில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம்கூடக் கணக்கு. கம்பியால் கிளறிய ஜெட் அதோடு செத்தது. அடுத்தது எண் குழப்பம். மிக்குனி (உங்கள் கார்புரேட்டரின் கம்பெனி) ஜெட்டில் உருண்டைத் தலை ஜெட்டின் எண் துளையின் அகலத்தைச் சொல்கிறது. அறுகோணத் தலை பெரிய ஜெட்டின் எண் நிமிடத்துக்கு எவ்வளவு பெட்ரோல் பாயும் என்பதைச் சொல்கிறது. எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. உங்கள் பழைய ஜெட்டைக் கையில் கொண்டுபோய்க் காட்டி, அதே வகையில்தான் வாங்க வேண்டும்.

இதையெல்லாம்விட மோசமானது கார்புரேட்டரையே மாற்றிவிடுவது. ஆர்எக்ஸ் 100 இங்கே 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. அதன் ஒரிஜினல் மிக்குனி கார்புரேட்டருக்கு இன்றைக்கு நல்ல விலை. "டியூனிங்குக்கு விட்டுட்டுப் போங்க, சாயந்திரம் வாங்க" என்பார்கள். சாயந்திரம் பளபளவென்று ஒன்று மாட்டியிருக்கும், ஒரிஜினல் இன்னொருவர் வண்டிக்குப் போயிருக்கும். வண்டியை விடும் முன் கார்புரேட்டரின் உடம்பில் உள்ள எழுத்தையும் எண்ணையும் போனில் படம் எடுத்து, எடுத்ததை அவருக்கும் காட்டுங்கள். கழற்றிய ஜெட், நீடில் எல்லாவற்றையும் ஒரு கவரில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டாம். "ஸ்டேஜ் கிட்" என்று ஜெட்டும் கோனும் ஒரே டப்பாவில் விற்பவர்களுக்கும் இதுதான் பதில்: உங்கள் வண்டியை ஒருமுறைகூடப் பார்க்காதவர் அதற்கான ஜெட் அளவை எப்படிச் சொல்ல முடியும்?

பெட்ரோல் விஷயமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் கலவை முன்பைவிடக் கொஞ்சம் மெலிந்துதான், அதாவது பெட்ரோல் குறைந்த மாதிரிதான், எரியும். புது வண்டிகளில் கம்ப்யூட்டர் சரிசெய்துகொள்ளும், உங்கள் வண்டியில் அது கிடையாது. லட்சக்கணக்கான பழைய வண்டிகள் ஓடுகிற நாட்டில், அவற்றின் சொந்தக்காரர்களுக்கு இதை எளிய தமிழில் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. புகைச் சான்றிதழாவது உதவலாம். 2000 மார்ச்சுக்கு முன் தயாரான இருசக்கர வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு வரம்பு 4.5 சதவீதம். சைலன்சருக்குள் குழாயை நிஜமாகவே விட்டு அளந்தால், உங்கள் பைலட் ஜெட் எப்படி இருக்கிறது என்று அந்தச் சீட்டே காட்டிக்கொடுக்கும். பல இடங்களில் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்ததும் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது! அளக்கச் சொல்லி நின்று கேளுங்கள், அது உங்கள் உரிமை.

நீங்கள் பொள்ளாச்சிக்காரர் என்பதால் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். மலையேறினால் காற்று மெலியும். ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கீழே உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆகவே மேலே பெட்ரோல் அதிகமாகி வண்டி திணறும், ப்ளக் கறுக்கும். ஊட்டியிலேயே குடியிருப்பவர் ஒரு அளவு சின்ன மெயின் ஜெட் போடுவது நியாயம். வால்பாறைக்கோ ஊட்டிக்கோ எப்போதாவது போய்வரும் நீங்கள் போடவே கூடாது. மேலே திணறுவது தொந்தரவு மட்டும்தான், எஞ்சின் கெடாது. சின்ன ஜெட்டோடு இறங்கி வந்து, கீழே நெடுஞ்சாலையில் முழு ஆக்சிலேட்டரில் விட்டால் பிஸ்டன் பிடிக்கும். மலையில் இருக்கும் ஒருவரிடம் வண்டி வாங்குகிறீர்களா? ஓட்டிக்கொண்டு இறங்கும் முன் ஜெட் எண்ணைக் கேளுங்கள். அவருக்கே தெரியாவிட்டால் கழற்றிப் பாருங்கள், அல்லது லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

புதிய ஸ்பாஞ்சும் சுத்தமான கார்புரேட்டருமாக ஒரு வாரம் ஓட்டிவிட்டு ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பி நிறத்தில் இருந்தால் எதையும் தொட வேண்டாம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்து (பெட்ரோல் குறைவு என்று அர்த்தம்), ரப்பரிலும் வெடிப்பு இல்லை என்றால், அப்போது மட்டும் நீடிலின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கச் சொல்லுங்கள். நீடில் அந்த அளவு மேலே ஏறிப் பெட்ரோல் கூடும். முழுத் திருகலில் நீண்ட தூரம் ஓட்டுபவர் என்றால் மெயின் ஜெட்டில் ஒரே ஒரு அளவு பெரிது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.