வீட்டில் கலக்கும் சாக் பெயிண்ட்: பழைய மரச்சாமான் பற்றிய கேள்வி பதில்

பழைய மரச்சாமானுக்குச் சாக் பெயிண்ட் என்னும் பளபளப்பில்லாத மங்கலான வண்ணம் பூசி, ஓரங்களைத் தேய்த்துப் பழமைத் தோற்றம் கொடுப்பது பற்றித் திருநெல்வேலி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, மரச்சாமான் புதுப்பிக்கும் பட்டறைக்காரர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (பாளையங்கோட்டை): அண்ணாச்சி, சாக் பெயிண்ட் டப்பாவின் விலை கையைக் கடிக்கிறது. வீட்டில் கலந்தால் அதற்கு ஈடாகுமா?

1990-இல் இங்கிலாந்தின் ஆனி ஸ்லோன் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது மக்களைக் கவர்ந்தவை மூன்று: பழைய பூச்சை முழுவதும் சுரண்டாமலே பிடித்துக்கொள்வது, பளபளப்பின்றிக் காய்வது, உப்புத்தாள் பட்டால் எளிதில் தேய்வது. இம்மூன்றையும் வீட்டுக் கலவையில் பெருமளவு பெற்றுவிடலாம். பளபளப்பில்லாத மேட் எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயிண்ட்) இரண்டு பங்குக்கு, பெயிண்ட் கடையில் கிடைக்கும் கால்சியம் கார்பனேட் தூள் ஒரு பங்கு போதும். தூளை நேரே பெயிண்டில் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். முதலில் சிறிது தண்ணீர் விட்டுத் தோசைமாவுப் பதத்தில் குழைத்து, அதன் பிறகு பெயிண்டில் சேர்த்துக் கலக்கி, பழைய நைலான் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். கூடுதல் தூள் போட்டால் கூடுதல் பிடிப்பு வரும் என்று சிலர் எண்ணுகிறார்கள். பிடித்து நிறுத்துவது பெயிண்டில் உள்ள பசையே தவிரத் தூள் அன்று. தூள் மிகுந்தால் பசை போதாமல், காய்ந்த பின் கையில் மாவாக ஒட்டும்.

கேள்வி (மேலப்பாளையம்): பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போட்டுக் கலந்தேன். மிச்சத்தை மூடி வைத்தால் மறுநாள் கல்லாக இருந்தது.

அது அப்படித்தான் ஆகும். ஜிப்சத்தைச் சுட்டு, அதன் நீரில் பெரும்பகுதியை வெளியேற்றிய தூள்தான் அது. மறுபடி தண்ணீரைக் கண்டால் ஜிப்சமாகவே இறுகிவிடும். மூன்று பங்கு பெயிண்டுக்கு ஒரு பங்கு தூளும் ஒரு பங்கு தண்ணீரும் என்ற அளவில், உடனே பூசி முடிக்கக்கூடிய அளவு மட்டும் கலக்குங்கள். கால்சியம் கார்பனேட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி (சேரன்மகாதேவி): கோலமாவு, சாக்பீஸ், சுண்ணாம்பு எல்லாமே வெள்ளைத் தூள்தானே, எதைப் போட்டால் என்ன?

கோலமாவு கல்தூள், விரலிடையே தேய்த்தால் நறநறக்கும், பூச்சிலும் அதே மணல்தன்மை தெரியும். நம் ஊர்ச் சாக்பீஸ் பெரும்பாலும் ஏற்கெனவே இறுகிய ஜிப்சம் என்பதால், நன்றாக இடித்துச் சலித்தால் சிறு பொருளுக்கு உதவும். சுண்ணாம்பு மட்டும் வேண்டாம். அதன் காரம் எமல்ஷனைத் திரித்துவிடக்கூடும், சில நிறங்களை வெளுக்கச் செய்யும், தேக்கு போன்ற மரங்களில் பட்ட இடம் கறுக்கும், கண்ணையும் கையையும் புண்ணாக்கும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): தாத்தா காலத்துத் தேக்கு அலமாரிக்கு வெள்ளை பூசினேன். இரண்டு கோட்டுக்குப் பிறகும் பழுப்புக் கறை மேலே வருகிறது.

மரத்தில் உள்ள சாயச்சத்து, பெயிண்டில் உள்ள நீரில் கரைந்து மேலே ஏறுகிறது. பத்துக் கோட்டு அடித்தாலும் ஏறும். மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷை ஒரு கை பூசிக் காயவிட்டு, அதன் மேல் வண்ணம் பூசினால் நின்றுவிடும். கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: ரேகை நன்றாக உள்ள தேக்கையும் ஈட்டியையும் பெயிண்டால் மூடுவதற்கு எனக்கு மனம் வராது. கள்ளிப்பெட்டிப் பலகை, பிளைவுட், ஏற்கெனவே எனாமல் அடித்துக் கெட்டுப்போன முக்காலி ஆகியவைதான் இந்த வேலைக்குப் பொருத்தமானவை.

கேள்வி (களக்காடு): பச்சை எனாமல் அடித்த பழைய அரிசிப்பெட்டி. உப்புத்தாள் போடலாமா?

வறண்ட நிலையில் போடாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும். குழந்தைகளை அப்புறப்படுத்தி, நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி அணிந்து, தண்ணீரில் நனைத்த தாளால் இலேசாகத் தேய்த்து, வரும் சேற்றைத் துணியால் வழித்து அகற்றுங்கள். பழைய எனாமல் வெளியே தெரியும்படி ஓரம் தேய்க்கும் வேலையை இந்தப் பெட்டியில் செய்யாதீர்கள். உள்ளே மறுபடியும் அரிசி கொட்டவும் வேண்டாம்.

கேள்வி (வள்ளியூர்): ஓரங்களைத் தேய்த்தேன், பழமை வரவில்லை, அம்மை போட்டதுபோல் இருக்கிறது.

எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்த்திருப்பீர்கள். அந்தச் சாமானை ஒரு குடும்பம் பயன்படுத்தியிருந்தால் எங்கே கை படும், எங்கே கால் இடறும் என்று பாருங்கள்: இழுப்பறைக் குமிழைச் சுற்றி, கதவு திறக்கும் பக்கத்து விளிம்பு, நாற்காலியின் கைப்பிடி நுனி, பெருக்குமாறு இடிக்கும் காலடி. நடுப்பலகை தேயவே தேயாது. அடிவண்ணம் நன்றாகக் காய்ந்ததும் இந்த இடங்களில் மட்டும் வெள்ளை மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள். தூளை ஊதிவிட்டு மேல்வண்ணம் பூசுங்கள். அது காய்ந்த பின் 220 எண் உப்புத்தாளை விரலில் மடித்து ஒருமுறை இழுத்தாலே, மெழுகின் மேல் நின்ற பெயிண்ட் செதிலாக உதிர்ந்து அடிவண்ணம் எட்டிப்பார்க்கும். அங்கே கையை நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று தோன்றினால் வேலையை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.

கேள்வி (தென்காசி): சாரல் காலத்தில் இந்த வேலை செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே வெயில் காலத்தில் விடும் இரண்டு மணி நேரம் போதாது. ஓர் இரவு விடுங்கள். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் பூச்சில் இன்னும் ஈரம் உள்ளது, அதன் மேல் கடைசியில் காப்பாகப் பூசும் மெழுகைப் போடக்கூடாது. திருநெல்வேலிப் பக்கத்துச் சித்திரை வெயிலுக்குத் தொல்லை நேர்மாறானது: தூரிகை இழுப்பதற்குள் காய்ந்து கோடு விழும் என்பதால், காலையிலோ மாலையிலோ நிழலில் வைத்துப் பூச வேண்டும்.

கேள்வி (சங்கரன்கோவில்): சாப்பாட்டு மேஜைக்கும் மெழுகு போதுமா?

போதாது. சூடான பாத்திரம் வைத்தால் மெழுகு இளகும், சாம்பார் சிந்தினால் மஞ்சள் இறங்கும். மேஜையின் மேற்பலகைக்குத் தண்ணீரில் கலக்கும் மேட் பாலியூரித்தேன் வார்னிஷை மூன்று மெல்லிய கோட்டாகப் பூசுங்கள். கால்களுக்கு வேண்டுமானால் தேன்மெழுகு போடலாம். ஏற்கெனவே மெழுகு போட்டுவிட்டீர்கள் என்றால் அதை டர்பன்டைன் நனைத்த துணியால் முழுவதும் துடைத்தெடுத்து உலரவிட்ட பிறகே வார்னிஷ் பூச வேண்டும். மெழுகின் மேல் அது ஒட்டாது.