உச்ச ஸ்தாயியில் குரல் நசுங்குகிறதா?

கேள்வி: தக்கலை அருகே வில்லிசைக் குழுவில் முன்பாட்டுப் பாடுகிறேன். கோயில் கொடை விழாக் காலத்தில் நள்ளிரவைத் தாண்டினால் உச்ச ஸ்தாயியில் குரல் நசுங்குகிறது. காலையில் பேச்சு சரியாகவே இருக்கிறது. அறுவைச் சிகிச்சை செய்தால் குரல் திறக்கும் என்று ஒருவர் திருவனந்தபுரத்துக்கு அழைக்கிறார். போகலாமா?

பதில்: அவரோடு போகாதீர்கள். வில்லில் நாண் அதிர்ந்தாலும் முழக்கம் அதோடு கட்டிய குடத்தில்தானே பிறக்கிறது? குரல் நாண்களுக்கு மேலே உதடு வரை, ஆண்களுக்குச் சுமார் 17 செ.மீ. நீளமுள்ள தொண்டையும் வாயும்தான் உங்கள் குடம். குரல்வளை மேலேறினால் அந்த நீளம் குறைந்து குரல் மெலியும். கூடவே மேல்தசைகளும் நெருக்கினால் நசுங்கும்.

குரல்வளை மேட்டில் விரலை வைத்து எச்சில் விழுங்குங்கள், ஏறும். கொட்டாவியைத் தொடங்குங்கள், இறங்கும். இப்போது உச்சத்தில் பாடுங்கள். கொஞ்சம் ஏறுவது இயல்பு. விழுங்கும்போது ஏறிய உயரத்துக்கே போனால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான். கொட்டாவியின் அந்தத் தளர்ச்சியோடு பாடிப் பழகுங்கள். மேடையேறும் முன் தண்ணீர் டம்ளரில் ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை அமிழ்த்தி, குமிழி வர 'ஊ' என்று கீழிருந்து மேலே ஐந்து நிமிடம் இழுங்கள். நாண்கள் மோதும் வேகம் குறையும். சுருதியை அரைக்கட்டை இறக்குவதிலும் இழுக்கு இல்லை.

கமிஷனுக்கு ஆள் பிடிப்பவருக்கு உங்கள் தொண்டை வெறும் சரக்கு. நாணில் காய்ப்பு விழுந்திருந்தால்கூட முதல் மருத்துவம் குரல் பயிற்சிதான். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை இன்னும் மோசம்: வீக்கம் வடிந்ததும் புண்பட்ட நாணிலேயே விடிய விடியப் பாடுவீர்கள். தேன் நாணைத் தொடுவதே இல்லை. அது உணவுக்குழாயில் போகிறது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, அங்கே நாண்களைக் காட்டுங்கள். ஆனால் குரலைப் பழக்கித் தரும் பயிற்சியாளரைத் தேடினால் நம் பக்கத்தில் அலைந்தே கால் தேய்கிறது. மாத்திரை எழுத ஆள் வைக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்கு ஓர் ஆள் போட எத்தனை காலம் வேண்டும்? அந்த வெற்றிடத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

ஒன்றே ஒன்று வேறு வகை. பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று அறுந்துபோனால் நாணில் இரத்தக்குழாய் வெடித்திருக்கலாம். வலி இருக்காது, அதனால்தான் பலர் தொடர்ந்து பாடிவிடுகிறார்கள். ஒரு வரிகூட வேண்டாம், கிசுகிசுக்கவும் வேண்டாம். ஊர்க்காரர்கள் முகம் சுளித்தாலும் பின்பாட்டுக்காரர் கதையை முடிக்கட்டும். காலையில் குரல் திரும்பிவிட்டாலும், தழும்பு விழாமல் காக்க அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் பார்த்துச் சொல்லும் வரை அடுத்த கொடைக்கு முன்பணம் வாங்காதீர்கள்.