மலைப்பாதைக்கு எந்த ரிவால்வர்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணா, டென்வர் பக்கம் இருக்கிறேன். இந்த வருஷம்தான் முதல்முறையாக எல்க் மான் வேட்டைக்கு லைசென்ஸ் கிடைத்திருக்கிறது. ரைஃபிள் இருக்கிறது. வேட்டையின்போது துணைக்கும், கோடையில் மலையேறும்போது வைத்துக்கொள்ளவும் ஒரு ரிவால்வர் வாங்கலாம் என்று நினைக்கிறேன். நண்பர்கள் எல்லோரும் .44 மேக்னம் வாங்கு என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: தம்பி, நானும் .44 மேக்னம் என்ற பெரிய, சக்தி அதிகமான தோட்டாவைச் சுடும் ரிவால்வரிலிருந்துதான் ஆரம்பித்தேன். ஆறு அங்குலக் குழல். தோட்டாவும் போட்டால் ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கம் வரும். கடையில் கையில் எடுத்தபோது பிரமாதமாக இருந்தது. மலைக்குப் போனபோதுதான் தெரிந்தது, முதுகுப்பையின் இடுப்புப் பட்டை எங்கே உட்காருமோ அதே இடத்தில்தான் துப்பாக்கி உறையும் உட்காருகிறது என்று. பட்டையை இறுக்கினால் கைப்பிடி விலாவில் குத்தியது. தளர்த்தினால் பையின் பாரம் முழுக்கத் தோளுக்கு வந்தது. இரண்டாம் நாள் கழற்றிப் பைக்குள் போட்டேன். மூன்றாம் நாள் வண்டியிலேயே பூட்டிவைத்துவிட்டுக் கிளம்பினேன். அன்றைக்குப் பார்த்து 40 அடியில் ஒரு கருங்கரடி! நல்லவேளை, என்னைப் பார்த்து 'உஃப்' என்று ஒரு தரம் மூச்சு விட்டுவிட்டு அதன் பாட்டுக்குப் போய்விட்டது.

அப்புறம் நேர் எதிர்த் திசைக்கு ஓடினேன். அதே .44 மேக்னம்தான், ஆனால் இலேசான உலோகக் கலவையில் செய்தது. வெறும் 700 கிராம் சொச்சம். இடுப்பில் இருப்பதே தெரியாது. சுடும்வரைதான் அந்த சுகம். சுட்டுப் பழகும் ரேஞ்சில் மூன்று தோட்டா சுடுவதற்குள் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தோல் உரிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவதையும் சுட்டேன். ஐந்தாவதற்கு விசையை இழுத்தால் தோட்டாக்கள் உட்காரும் சுழல் சிலிண்டர் அசைய மறுக்கிறது. திறக்கப் போனால் அதுவும் முரண்டு பிடித்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சுடாத தோட்டா ஒன்றில் குண்டு, அதைப் பிடித்திருக்கும் உலோகக் கூட்டிலிருந்து நழுவி முன்னால் வந்து, அதன் மூக்கு சிலிண்டர் முகப்பைத் தாண்டிச் சட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

துப்பாக்கி எவ்வளவுக்கு இலேசோ அவ்வளவுக்கு உதைக்கும்போது வெடுக்கென்று பின்னால் வரும். சிலிண்டரில் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் கூடுகளும் அதோடு சேர்ந்து வந்துவிடும். கனமான குண்டோ இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். கூட்டின் வாய் அதைக் கவ்விப் பிடிக்காவிட்டால் ஒவ்வொரு சூட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். 'ரிவால்வர் சிக்கவே சிக்காது' என்று உன் நண்பர்கள் சொன்னால் இந்தக் கதையைச் சொல்.

இலேசான ரிவால்வர்தான் வேண்டுமென்றால் ரேஞ்சிலேயே ஒரு சோதனை செய்துவிடு. ஐந்து தோட்டா சுட்ட பிறகு ஆறாவதை வெளியே எடுத்து, பெட்டியிலிருக்கும் புதிய தோட்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார். உயரம் கூடியிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

சரி, இப்போது என்னோடு மலைக்கு வருவது .357 மேக்னம், நாலு அங்குலக் குழல், துருப்பிடிக்காத எஃகு. ரூகரின் ஜிபி100, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் 686 இரண்டுமே இந்த ரகம்தான். எடை ஏறத்தாழ 40 அவுன்ஸ், அதாவது 1.1 கிலோ சொச்சம். .357 வந்தது 1935-ல், .44 மேக்னம் அதற்கு இருபது வருஷம் கழித்து. சக்தியில் .44 ஒன்றரை மடங்கு பெரியது, அதில் வாதமில்லை. ஆனால் .357-ஐ என்னால் மூன்று தடவை தொடர்ந்து சுட்டு மூன்றையும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடக்க முடிகிறது. .44-ல் இரண்டாவதுக்கே கண்ணை மூடிக்கொள்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு வசதி, இதே துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம். கூடு மூன்று மில்லிமீட்டர் சொச்சம் குட்டை, உதை பாதிகூட இருக்காது. பழகுவதற்கு நூறு தோட்டா சுட்டாலும் கை வலிக்காது. ஆனால் குட்டைக் கூட்டுக்கு முன்னால் சிலிண்டர் அறையில் கரி ஒரு வளையம் மாதிரிப் படியும். அதைத் தேய்த்து எடுக்காமல் .357 போட்டால் தோட்டா முழுக்க இறங்காது. அன்றைக்கு இரவே பிரஷ் போட்டுவிடு.

காட்டுக்கு எந்தக் குண்டு என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வீட்டுக் காவலுக்கு விற்கும் குழிமூக்குக் குண்டு வேண்டாம். அது பட்டதும் விரிந்து சீக்கிரம் நின்றுவிடும். கரடிக்குக் கொழுப்பும் எலும்பும் தடிமன். ஆழமாகப் போக வேண்டுமானால் கடினமாக வார்த்த, தட்டைமூக்குக் குண்டுதான். மொன்டானா, வயோமிங், அலாஸ்கா என்று கிரிஸ்லி கரடி இருக்கும் பக்கம் போவதானால் உன் நண்பர்கள் சொல்வதுதான் சரி: .44, ஆனால் முழு எஃகில். நம் கொலராடோவில் இருப்பது கருங்கரடிதான்.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க யோசிக்கும் அளவுக்கு உறைக்கும் யோசி. இடுப்புறையால் நான் பட்டது போதும். மார்பில் குறுக்கே மாட்டும் உறை வாங்கு. வாங்கியதும் துப்பாக்கியைக் காலி செய்து, பையையும் மாட்டிக்கொண்டு வீட்டில் அரைமணி நேரம் நட, உட்கார், குனிந்து ஷூ நாடாவைக் கட்டு. குழல் நான்கு அங்குலத்துக்கு மேல் போனால் குனியும்போது உன்னைக் கேட்காமலே வயிற்றில் இடிக்கும்.

இவ்வளவும் சொன்னாலும், என் பையின் இடது வாரில் கரடி ஸ்பிரே (மிளகாய்க் காரத் தெளிப்பான்) இருக்கிறது. முதலில் கை போவது அதற்குத்தான். பத்து மீட்டர் தூரம் வரை மேகம் மாதிரிப் பரவும். கை நடுங்கினாலும் வேலை செய்யும். எல்க் வேட்டையில் ரிவால்வரையே பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், குழல் நீளத்துக்கும் தோட்டாவுக்கும் மாநில விதிப்புத்தகத்தில் தனி வரம்பு உண்டு. அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போ.

கேள்வி: என் கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். தேசியப் பூங்காக்களில் மலையேறும்போது அவருடைய ரிவால்வரை என் பையில் வைத்துக்கொள்ளலாமா அண்ணா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், தங்கச்சி. எச்-1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. 'என்னுடையது இல்லை, அவருடையது' என்பது எடுபடாது. கையில் இருந்தாலே வைத்திருப்பதுதான். இந்தத் தடைக்குச் சில விலக்குகள் உண்டு. உங்களுக்குப் பொருந்தக்கூடியது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். அதை வாங்க வேட்டைக்காரர் பாதுகாப்பு வகுப்பு முடிக்கச் சொல்வார்கள். துப்பாக்கியையே தொடப் போவதில்லை என்றாலும் அந்த வகுப்பு நல்லது. லைசென்ஸ் தேதி முடிந்த அன்றே விலக்கும் முடிந்துவிடும், அதை மறக்காதீர்கள். மாநிலச் சட்டம் வேறு தனியாக இருக்கிறது. ஆகவே ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்த விசாத் தடை கிடையாது.

பூங்கா விஷயம் வேறு. 2010 பிப்ரவரியிலிருந்து, அந்தந்த மாநிலச் சட்டம் அனுமதிக்கிறவர்கள் தேசியப் பூங்காவுக்குள் துப்பாக்கி கொண்டுபோகலாம். ஆனால் பார்வையாளர் மையம் போன்ற அரசுக் கட்டடங்களுக்குள் கூடாது. வைத்துக்கொள்ள அனுமதி என்றால் சுடவும் அனுமதி என்று அர்த்தமில்லை. ஒரு வேடிக்கை: யோசெமிட்டியில் கரடி ஸ்பிரேக்கே தடை!

கேள்வி: பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெரியவர் தன் பழைய ரூகர் சிங்கிள் ஆக்ஷன் (ஒவ்வொரு சூட்டுக்கும் ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டிய) ரிவால்வரை எனக்கு விற்கிறேன் என்கிறார். வேட்டைக்குக் கொண்டுபோகலாமா?

பதில்: எந்த வருஷத்துத் துப்பாக்கி என்று முதலில் கேளுங்கள். 1973-க்கு முன்னால் செய்ததென்றால் ஹேமர் (அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியல் பாகம்) சுடும் ஊசியின் மேலும், ஊசி தோட்டாவின் பின்பக்கத்திலும் உட்கார்ந்திருக்கும். பாறையில் கைதவறி விழுந்தாலே வெடிக்கலாம். 1873-ல் வந்த கோல்ட் ரிவால்வரிலிருந்து தொடர்ந்து வந்த அமைப்பு அது. அந்தக் காலத்து ஆட்கள் ஆறு அறையில் ஐந்தில்தான் தோட்டா போட்டு, ஹேமருக்கு அடியில் காலி அறையை நிறுத்திவைப்பார்கள். 1973-ல் ரூகர் நடுவில் ஒரு தண்டு வைத்தது. விசையை முழுக்க இழுத்தால்தான் அது மேலே வந்து ஹேமரின் அடியை ஊசிக்குக் கடத்தும். பழைய துப்பாக்கிகளுக்கும் அந்த நிறுவனமே இலவசமாக மாற்றித் தருகிறது, கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பி அனுப்பிவிடும். விசைக்கு மேலே, உடலின் பக்கவாட்டில் இருக்கும் திருகுகளை எண்ணுங்கள். மூன்று திருகு இருந்தால் பழைய மாடல். மாற்றிவிட்டாரா என்று பெரியவரிடம் கேளுங்கள். தெரியவில்லை என்றால், நிறுவனத்துக்கு அனுப்பித் திரும்பி வரும்வரை ஐந்து தோட்டாதான்.