வாய் மட்டும் அசையும் படங்கள்

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்கு 36 வயது. கடை வைத்திருக்கிறேன். அக்கா மகன் ஓயாமல் சொல்கிறானே என்று அனிமே, அதாவது ஜப்பான்காரர்களின் அனிமேஷன், பார்க்க உட்கார்ந்தேன். நருட்டோவில் தொடங்கச் சொன்னான். இரண்டு பகுதியும் சேர்த்து 720 எபிசோட் என்றதும் மலைத்துவிட்டேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன். பாதி நேரம் படம் அப்படியே நிற்கிறது, வாய் மட்டும் அசைகிறது. காசு மிச்சம் பிடித்த வேலை மாதிரி இருக்கிறது. இது பிள்ளைகளுக்கானதுதானா? எந்தத் தொடரில் தொடங்கலாம்? தமிழ் டப்பிங்கா, சப்டைட்டிலா?

ஒரு வாசகர், மார்த்தாண்டம்

அன்புள்ள தம்பி,

டப்பிங், சப்டைட்டில் பஞ்சாயத்தில் எனக்கு அக்கறை இல்லை. எது கிடைக்கிறதோ அதில் பாருங்கள். 2025-இல் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழ் பேசிக்கொண்டே தியேட்டருக்கு வந்தது. யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பிள்ளைகளுக்கானதா என்று கேட்கிறீர்கள். 1988-இல் வந்த 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' படத்தைத் தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து மறுபடி கேளுங்கள். போரில் தாயை இழந்த ஓர் அண்ணனும் தங்கையும் பசியில் சாகிற கதை அது.

'காசு மிச்சம் பிடித்த வேலை' என்றீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதில். உண்மைதான், மிச்சம் பிடித்தார்கள். 1963-இல் ஜப்பானியக் காமிக்ஸ் ஓவியர் ஒசாமு தெசூகா 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரை வாராவாரம் டிவிக்குக் கொடுக்கத் தொடங்கினார். பணமும் போதாது, நேரமும் போதாது. விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடுகிற இடத்தில் ஒரே படத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினார்கள். எட்டே படத்தில் விநாடி முடிந்தது. முகத்தை அப்படியே வைத்து வாயை மட்டும் மாற்றினார்கள். ஒருமுறை வரைந்ததை எடுத்துவைத்துப் பின்னால் வேறு எபிசோடிலும் ஓட்டினார்கள்.

சரி, அப்புறம் வந்தவர்கள் அந்த இல்லாமையை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? தெசூகாவின் கம்பெனியில் வேலை பழகிய ஒசாமு தெசாகி, 1970-இல் தொடங்கிய 'அஷிதா நோ ஜோ' குத்துச்சண்டைத் தொடரிலிருந்தே, உணர்ச்சி உச்சத்தில் காட்சியை நிறுத்தி ஓவியமாக மாற்றிவிடுகிற வித்தையை வளர்த்தெடுத்தார். 1995-இல் தொடங்கிய 'எவாஞ்சலியன்' தொடரில் லிஃப்டுக்குள் இரண்டு பெண்கள் பேசாமல் நிற்பார்கள். முக்கால் நிமிடத்துக்கு மேல் படம் ஏறக்குறைய அசைவதே இல்லை. பார்க்கிற நமக்கு மூச்சு முட்டும். ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தால் அரை நிமிடத்தில் ஆள் இறங்கிப் போய்விடுவார், முட்டவும் முட்டாது. (அந்தத் தொடரை இப்போதே பார்க்காதீர்கள். குழம்புவீர்கள்.)

குமரி மாவட்டத்துக்காரருக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எரிச்சல். சின்ன வயதில் எங்கள் ஊருக்குத் தோல்பாவைக்கூத்து வரும். ஆட்டுத்தோலை வெட்டிச் சாயம் ஏற்றிய பாவைகள். அதில் அசைவது எது? ஒரு கை, சிலவற்றுக்கு இரண்டு. முகம் கடைசிவரை ஒரே முகம்தான். வீட்டில் மராத்தி பேசுகிற மனிதர் ஒருவர் திரைக்குப் பின்னால் இருந்து ராமன், ராவணன், சீதை, கோமாளிகளான உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் எல்லாருக்கும் தானே குரல் கொடுப்பார். அசோகவனத்தில் சீதை ஆடாமல் அசையாமல் இருப்பாள், குரல் மட்டும் அழும். பக்கத்தில் இருக்கும் ஆச்சி முந்தானையால் மூக்கைச் சிந்துவாள். சீதையின் வாய் அசையவில்லையே என்று எந்த ஆச்சியும் கேட்டதில்லை. உங்கள் ஆச்சியும் கேட்டிருக்க மாட்டாள், விசாரித்துப் பாருங்கள்.

நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு வந்தால் பொறுமை இருக்காதுதான். எனக்குப் புரிகிறது. அன்றைக்குப் பார்க்காமல் தூங்குங்கள், ஒன்றும் குடிமுழுகாது.

தொடர் கேட்டீர்கள் அல்லவா? 'டெத் நோட்' விறுவிறுப்பானது, அக்கா மகனே எப்படியும் காட்டிவிடுவான். நான் சொல்வது 'முஷிஷி'. 2005-இல் தொடங்கியது, 26 எபிசோட், ஒவ்வொன்றும் தனிக்கதை. கிங்கோ என்ற நாடோடி, கண்ணுக்குத் தெரியாத உயிர்களால் தொல்லைப்படுகிறவர்களுக்கு ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்கிறான். அவற்றை ஒழித்துக்கட்டுவது அவன் நோக்கமே இல்லை. முதல் கதையில், ஒரு பையன் இடது கையால் வரைந்தால் வரைந்தது உயிர்பெற்றுவிடும். இசக்கிக்கும் மாடனுக்கும் படையல் வைத்து அவர்களோடு ஒரே ஊரில் குடியிருக்கிற நமக்கு இதெல்லாம் அந்நியமாக இருக்காது. ராத்திரி ஒன்று போதும், அடுத்ததை ஓட்டாதீர்கள். பிடிக்காவிட்டால் எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்று குறிப்பிட்டு எழுதுங்கள். 'ஸ்லோவாக இருக்கிறது' என்று ஒற்றை வரி வந்தால் பதில் வராது.