மூன்று ஹென்றிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வாலஸ் குடும்பத்தைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். தாத்தா, மகன், பேரன் மூவருக்கும் ஹென்றி என்றே பெயர். அவர்களை உழவர் குடும்பம் என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. தாத்தா பாதிரியார், அப்புறம் பத்திரிகையாளர். மகன் பத்திரிகை நடத்தி அமைச்சரானவர். பேரன் நாட்டின் துணை ஜனாதிபதியாக இருந்தவர். மூவரும் வயலில் நின்ற காலத்தைக் கூட்டினால் எத்தனை வருஷம் வரும்? வெயிலிலும் மழையிலும் கிடந்து உழைக்கிறவரையும் இவர்களையும் ஒரே சொல்லால் அழைப்பது சரியா?

ர., தாராபுரம்

அன்புள்ள ர.,

வருஷக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி. முதல் ஹென்றி 1836-ல் பென்சில்வேனியாவில் பிறந்தார். வட அயர்லாந்திலிருந்து வந்த குடும்பம். கூடப்பிறந்தவர்களைக் காசநோய் கொண்டுபோனது. பாதிரியாராக இருந்த அவருக்கும் உடம்பு கெட்டதால், 1877-ல் ஊழியத்தை விட்டு அயோவாவின் வின்டர்செட் ஊருக்குக் குடிபோய் விவசாயத்தில் இறங்கினார். மகன் கல்லூரியைப் பாதியில் நிறுத்திவிட்டு, 1887-ல் அப்பாவின் நிலத்தையே குத்தகைக்கு எடுத்தார். பேரன் பிறந்தது அங்கேதான், 1888-ல். விளைந்தது, விலை இல்லை. ஐந்து வருஷம் தாக்குப்பிடித்துவிட்டு 1892-ல் மகன் ஏம்ஸ் நகரத்துக் கல்லூரிக்கே திரும்பினார். அமெரிக்காவின் நடுப்பகுதி முழுக்க அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகள் இப்படித்தான் வயலை விட்டு வெளியேறின.

ஆனாலும் அந்தச் சொல்லை நான் திரும்பப் பெற மாட்டேன். அதற்குக் காரணம் பேரன் பதினைந்து பதினாறு வயதில் செய்த ஒரு வேலை.

அப்போது அயோவாவில் மக்காச்சோளத்துக்கு அழகுப் போட்டி நடக்கும். கதிர் உருட்டிவைத்தாற்போல இருக்க வேண்டும், மணி வரிசை நேராக ஓட வேண்டும், நுனிவரை நிறைந்திருக்க வேண்டும். பரிசு வாங்கிய கதிரை விதைக்கு எடுத்து வைப்பார்கள். இந்தப் போட்டிகளில் பெரிய பெயர் பேராசிரியர் பெர்ரி ஹோல்டன். நல்ல விதை பற்றி ரயிலில் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். பன்றி தின்னப்போகும் சோளத்துக்கு அழகு எதற்கு என்று பையனுக்குச் சந்தேகம். ஹோல்டனிடமே கேட்டான். அவர் கோபப்படவில்லை, விதைத்துப் பார் என்று கதிர்களைக் கொடுத்தார். 1904-ல் 33 கதிர்களின் மணிகளை 5 ஏக்கரில் தனித்தனி வரிசையாக விதைத்தான். அறுவடையையும் கலக்காமல் தனித்தனியாக எடை போட்டான். ஹோல்டன் முதலிடம் கொடுத்த கதிர் மகசூலில் மிகவும் பின்தங்கியவற்றில் ஒன்றாக நின்றது.

எனக்கு இந்த இடம் திரும்பத் திரும்ப வாசிக்கத் தோன்றும். ஊரே ஒப்புக்கொண்ட ஒன்றைத் தராசில் வைத்துப் பார்க்கிற புத்தி வயலில் பழகியவர்களுக்கு வருவது. அது அவனுக்கு வீட்டிலேயே கிடைத்தது. 1895 முதல் குடும்பம் நடத்திய ‘வாலசஸ் ஃபார்மர்’ பத்திரிகையின் முகப்பிலேயே நல்ல விவசாயம், தெளிந்த சிந்தனை, நேர்மையான வாழ்க்கை என்று மூன்றையும் ஒன்றாகப் போட்டிருந்தார்கள். சிறுவயதில் அவனைக் கூட்டிக்கொண்டு செடி பார்க்கப் போனவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அடிமையாகப் பிறந்து, ஏம்ஸ் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்தவர். அந்த வீட்டுக்கு நெருங்கிய நண்பர்.

அழகை விட்டாயிற்று, அப்புறம்? மகசூலைக் கூட்டும் வழியைப் பேரன் ஹென்றி தேடினார். ஒரு செடியின் மகரந்தத்தை அதே செடியின் கதிரில் சேர்த்து, இப்படியே சில தலைமுறை வளர்த்தால் செடி குன்றிப்போகும். ஆனால் அப்படிக் குன்றிய இரண்டு வம்சங்களைக் கலந்தால் பிறக்கும் செடி திமிறிக்கொண்டு வளரும். கலப்பதற்கு, ஒரு வம்சத்தின் உச்சியிலிருக்கும் ஆண் பூவை, மகரந்தம் உதிரும் முன்பே கையால் பிடுங்கிவிட வேண்டும். இப்படிக் கலந்து எடுத்த அவருடைய ஒட்டு ரகம் 1924-ல் அயோவா மகசூல் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றது. 1926-ல் விதைக் கம்பெனி தொடங்கினார். 1934, 1936 வறட்சிகளில் மற்ற சோளம் சாய்ந்தபோது ஒட்டு ரகம் நின்றதைப் பார்த்து உழவர்கள் மாறினார்கள். அதற்கு முன் அமெரிக்காவில் ஏக்கருக்கு 25 புஷல், அதாவது 630 கிலோவைச் சுற்றியே நின்ற விளைச்சல், இன்று 170 புஷலைத் தாண்டிவிட்டது.

இதில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. ஒட்டு ரகத்திலிருந்து எடுத்து வைத்த விதை அடுத்த வருஷம் அப்படி விளையாது. வீட்டிலேயே விதைக்கதிர் கட்டித் தொங்கவிட்ட உழவர் வருஷா வருஷம் விதையைக் காசு கொடுத்து வாங்குகிறவர் ஆனார். அந்தக் கம்பெனியும் 1999-ல் முழுக்க டூபாண்ட் கைக்குப் போனது. எல்லாரையும் வாழவைக்க நினைத்த மனிதரின் கண்டுபிடிப்பு இப்படியும் ஒரு வாசலைத் திறந்துவிட்டது. இதைச் சென்ற வாரமே எழுதியிருக்க வேண்டும்.

நடு ஹென்றி 1921-ல் விவசாய அமைச்சரானார். உலகப் போருக்குப் பின் விலை சரிந்த காலம். அதோடு மல்லுக்கட்டியபடியே 1924-ல் பதவியில் இருக்கும்போது இறந்தார். 1933-ல் அதே நாற்காலியில் அவருடைய மகன், அதாவது பேரன் ஹென்றி, உட்கார்ந்தார். நிலக்கரியைவிட மலிவாகிவிட்டதால் அயோவாவில் சோளத்தை அடுப்பில் போட்டு எரித்த நேரம். விலையைத் தூக்க 60 லட்சம் பன்றிக்குட்டிகளைக் கொல்ல உத்தரவிட வேண்டிவந்தது. நல்ல வருஷத்தில் சேமித்துக் கெட்ட வருஷத்தில் எடுத்துக் கொடுக்கும் தானியக் களஞ்சியத் திட்டத்தை, பழைய சீனாவைப் பற்றி ஒரு சீன அறிஞர் எழுதிய ஆய்விலிருந்து எடுத்து 1938-ல் சட்டமாக்கினார்.

துணை ஜனாதிபதியாகத் தேர்வான கையோடு, 1940 இறுதியில் காரிலேயே மெக்சிகோ போய் அங்குள்ள சோள வயல்களைப் பார்த்தார். திரும்பி வந்து ராக்ஃபெல்லர் அறக்கட்டளையிடம் பேசினார். 1943-ல் அங்கே விவசாய ஆய்வு தொடங்கியது. அடுத்த வருஷம் அதில் சேர்ந்தவர், பின்னால் பசுமைப் புரட்சியின் தந்தை எனப்பட்ட நார்மன் போர்லாக், அவரும் அயோவாப் பண்ணைவீட்டுப் பிள்ளை. அவருடைய குட்டைக் கோதுமை விதையில் 18,000 டன்னை 1966-ல் இந்தியாவுக்குத் தருவித்தவர் உங்கள் கொங்கு மண்ணைச் சேர்ந்த, அப்போது மத்திய விவசாய அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம்.

1948-ல் தனிக் கட்சியில் ஜனாதிபதி தேர்தலில் நின்று படுதோல்வி கண்டபின், வாலஸ் நியூயார்க் மாநிலத்தில் தன் பண்ணைக்குப் போனார். கோழி, ஸ்ட்ராபெரி, கிளாடியோலஸ் பூ என்று ஒட்டுச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் வந்தது. 1965-ல் சாவதற்கு முன், தன் உடம்பு எப்படி ஓய்கிறது என்பதையே கவனித்துக் குறிப்பெழுதி வைத்தார்.