காணக்கிடைக்காமைச் சான்றிதழ் எடுத்தால் தேடல் நின்றுவிடுமா?

முல்லைத்தீவு வாசகி ஒருவரின் கேள்வி: 2009 மே மாதம் வட்டுவாகலில் கணவரை இராணுவத்திடம் ஒப்படைத்தார். வீட்டுக் காணி கணவர் பெயரில் இருக்கிறது. காணக்கிடைக்காமைக்கான சான்றிதழை எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் அவரைத் தேடுவதை விட்டுவிடுவார்களா? "எல்லாம் நான் முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் காசும் கேட்கிறாராம்.

இல்லை, இந்தச் சான்றிதழால் தேடல் நிற்காது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த இந்தச் சான்றிதழ், ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டுமே சொல்கிறது. காணாமற்போனோர் பற்றிய அலுவலகம், அதாவது ஓ.எம்.பி., விசாரணை முடியும் முன்பே இடைக்கால அறிக்கை தந்து இதை எடுக்க வழிவிடுகிறது. விசாரணை நடக்கும்போதே கிடைக்கிற கடதாசி எப்படி விசாரணையை மூடும்? அரச உதவி, பிள்ளைகளின் பாதுகாவல், காணியைப் பராமரிப்பது இவற்றுக்கு இது பயன்படும். காணியை விற்பது வேறு கதை, அதற்குச் சட்டத்தரணியைப் பாருங்கள். சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும், திகதியைக் குறித்து வையுங்கள்.

சரி, அந்த "முடித்துத் தருகிற" ஆளுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டுச் சட்டம், 2010இல் வந்த மரணப் பதிவுச் சட்டத்துக்கான திருத்தம்தான். அந்த 2010 சட்டத்தின்கீழ், காணாமற்போனவருக்கு மரணச் சான்றிதழும் எடுக்கலாம். தரகர்கள் விளையாடுவது இந்த இடத்தில்தான். "மரணச் சான்றிதழ் என்றால் கெதியாகக் கிடைக்கும்" என்று சொல்லி, வாசிக்க விடாமல் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். 2022இல் அரசாங்கம் காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு முதலில் ஒரு லட்சம், பிறகு இரண்டு லட்சம் ரூபா என்று அறிவித்த பிறகு கேட்கவே வேண்டாம். ஓ.எம்.பி.யில் முறைப்பாடு செய்யக் கட்டணம் கிடையாது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கடிதம், இவற்றின் மூலப் பிரதிகளை யாருக்கும் கொடுக்காதீர்கள். போட்டோப் பிரதி போதும்.

உங்கள் விஷயத்தில் இல்லை என்றாலும், ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். வங்கிக்கடனுக்காகவோ வீட்டுத்திட்டத்துக்காகவோ, யாரோ வற்புறுத்தியோ, முன்பே மரணச் சான்றிதழ் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். "நானே அவரைச் சாகடித்துவிட்டேன்" என்று அழுகிற அம்மாமாரைப் பார்த்திருக்கிறேன். அந்த மரணச் சான்றிதழை இரத்துச் செய்வித்து, காணக்கிடைக்காமைச் சான்றிதழாக மாற்றிக்கொள்ளச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. மாவட்டப் பதிவாளரிடம் அதற்கு விண்ணப்பிக்கலாம்.  இதைத் தரகர் சொல்ல மாட்டார். கந்தோரிலும் கேட்டால்தான் சொல்வார்கள்.

அப்புறம், ஓ.எம்.பி.யிடம் நீதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதன் முடிவுகளால் எவருக்கும் குற்றவியல் பொறுப்போ குடியியல் பொறுப்போ வராது என்று அதன் சட்டமே சொல்கிறது. என்ன நடந்தது என்று தேடுவதுதான் அதன் வேலை. 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் காணாமற்போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழு என்று ஒவ்வொன்றின் முன்னாலும் எங்கள் சனம் அதே கதையைச் சொல்லி அழுதது. முன்னையவர்கள் எழுதியதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட ஒரு நிறுவனத்துக்கு என்ன கஷ்டம்? அதனால் பழைய முறைப்பாட்டு இலக்கங்களை எல்லாம் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். முறைப்பாட்டைக் கையளித்ததற்கு உங்களுக்கும் ஓர் இலக்கம் தருவார்கள். அதை வாங்காமல் கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.