குற்றம் என்று யார் சொன்னது? கேட்டவர்களுக்கு ஒரு அரூர் வக்கீலின் பதில்கள்

போன வாரம் நம் வாசகர் குழுவில் பேச்சுவாக்கில், குற்றம் என்பது செயலில் இருப்பதைவிட அதற்கு அந்தப் பெயரை வைக்கிறவர்கள் கையில்தான் அதிகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அப்புறம் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் கேள்விகள் கொட்டிவிட்டன, கோபமாக வந்ததும் உண்டு. சமூகவியல் படித்துவிட்டுக் கறுப்பு கோட்டு மாட்டியவன் என்பதால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும், வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். யாரும் இதைத் தங்கள் கேஸுக்கான ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அதற்குக் கேஸ் கட்டோடு நேரில் வாருங்கள்.

காரிமங்கலம், எம்.ஏ. மாணவி: சார், குற்றம் ஒரு சமூகக் கட்டமைப்பு, அதாவது மனிதர்கள் சேர்ந்து உருவாக்கிய ஒன்று என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியென்றால் கொலைகூடத் தப்பில்லை என்று ஆகிவிடாதா?

ஆகாது. செத்தவர் செத்தவர்தான், அந்த வலியை யாரும் கட்டமைக்கவில்லை. ஆனால் ஒரு சாவைக் கொலை என்று எழுதுவதா, தற்காப்பு என்று எழுதுவதா, கடமை என்று எழுதிப் பதக்கம் கொடுப்பதா என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1963இல் சொன்னதன் சாரம் இதுதான்: பிறழ்வு, அதாவது ஊர் விதியை மீறுவது என்பது செயலின் குணம் இல்லை, ஒரு கூட்டம் விதி போட்டு அதை ஒருவர்மேல் ஒட்டுவதால் வருவது. அதற்கும் முன்னால் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம், துறவிகள் மட்டுமே வாழும் ஊரிலும் குற்றம் இருக்கும், நமக்கு அற்பமாகத் தெரியும் தவறு அங்கே பெரிய குற்றமாகிவிடும் என்று எழுதிவிட்டார்.

உதாரணத்துக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் பக்கத்தில் பெண் சிசுக்கொலை நடந்த காலத்தில் கொலைக்குத் தண்டனை சொல்லும் இந்திய தண்டனைச் சட்டம் (ஐ.பி.சி.) 302ஆம் பிரிவு சட்டப் புத்தகத்தில் இருந்துகொண்டேதான் இருந்தது. ஊரில் அதை யாரும் கொலை என்று சொல்லவில்லை. பிறந்தது, தங்கவில்லை, அவ்வளவுதான் பேச்சு. 1992இல் சேலத்தில், வேண்டாத குழந்தையை அரசிடம் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் வந்து, பிறகு இங்கேயும் நீண்டு, பத்திரிகைகள் எழுதி, வழக்குகள் வர ஆரம்பித்த பிறகுதான் அந்தச் செயலுக்கு ஊர் வாயில் வேறு பெயர் வந்தது. அதாவது சட்டம் குற்றம் என்று சொல்லியும் சமூகம் சொல்லாத நிலை. இதை எழுதினால் உங்கள் பேப்பர் திருத்துகிறவருக்குப் பிடிக்கும்.

பென்னாகரம் பக்கம், அப்பா பனையேறி: அண்ணா, கேரளாவில் போர்டு வைத்தே கள் விற்கிறார்கள். எங்கப்பா இறக்கினால் கேஸ். இது என்ன நியாயம்?

தம்பி, இந்த விஷயத்தை உங்க அப்பாவைவிட நன்றாக விளக்க யாராலும் முடியாது. பாளை சீவிக் கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினால் காலையில் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். மரம், ஆள், அரிவாள் எல்லாம் ஒன்றே. விரலில் எடுத்த சுண்ணாம்புதான் அவர் வியாபாரியா குற்றவாளியா என்று முடிவு செய்கிறது.

மதராஸ் மாகாணத்தில் மதுவிலக்கு முதலில் வந்ததே நம் மண்ணில்தான், 1937 அக்டோபர் 1, பழைய சேலம் ஜில்லா. தர்மபுரி 1965 வரைக்கும், கிருஷ்ணகிரியும் அதோடு சேர்ந்து, அந்த ஜில்லாவுக்குள்தான் இருந்தது. கொண்டுவந்தவர் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. செப்டம்பர் 30 வரை தொழில் செய்தவர் மறுநாள் குற்றவாளி. 1971இல் தடையை எடுத்தார்கள், 1974க்குள் திரும்பப் போட்டார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள், 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003இலிருந்து சில்லறை மதுக்கடையை டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது. உடம்புக்குக் கெடுதல் என்பதுதான் காரணமென்றால் கள்ளுக்கு முன்னால் பூட்ட வேண்டியது எந்தக் கடையை என்று உங்களுக்கே தெரியும். நான் குடிக்கிறவன் இல்லை, கள்ளுக்காக வாதாடவும் வரவில்லை. கோடு எங்கே விழுந்தது, யார் தலையில் விழுந்தது என்று மட்டும் பாருங்கள்.

ஓசூர், கம்பெனி ஊழியர்: தியரி எல்லாம் சரி. சில ஜாதிக்குத் திருட்டு ரத்தத்திலேயே இருக்கு என்று எங்க தாத்தா சொல்வார். அனுபவத்தில் சொல்கிறவர்களை நம்புவதா, புத்தகத்தை நம்புவதா?

உங்க தாத்தா சொன்னதும் ஒரு புத்தகத்திலிருந்து வந்ததுதான், அவருக்கே தெரியாமல் இருக்கலாம். 1871இல் வெள்ளைக்கார அரசு குற்றப் பழங்குடிச் சட்டம் போட்டது. 1911 திருத்தத்துக்குப் பின் அது மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. நம் மக்கள் ரேகைச் சட்டம் என்பார்கள், பத்து விரலையும் உருட்டிப் பதிவு செய்ததால். ஒருவர் எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை, அறிவிக்கப்பட்ட சாதியில் பிறந்தாலே போதும். ராத்திரி ஸ்டேஷனில் ஆஜர் கொடுக்க வேண்டும், ஊர் தாண்டச் சீட்டு வாங்க வேண்டும். இதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின.

சேலம் ஜில்லாவில் இதில் அதிகம் அடிபட்டவர்கள் குறவர்கள். அவர்களில் ஒரு பெரிய பிரிவு பொதிமாட்டிலும் கழுதையிலும் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள். ரயில் வந்தது, உப்பு அரசின் கைக்குப் போனது, தொழில் போனது. அப்புறம் சும்மா சுற்றித் திரிகிறார்கள் என்பதே அவர்கள்மேல் குற்றச்சாட்டு. பிழைப்பைப் பிடுங்கின கையே முத்திரையும் குத்தியது.

சட்டத்தை மதராஸ் 1947இல் நீக்கியது, நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31இல் போனது. ஆனால் உடனேயே வழக்கமாகக் குற்றம் செய்வோருக்கான சட்டம் என்று வேறு பெயரில் வந்துவிட்டது. நான் கோர்ட்டில் பார்ப்பதைச் சொல்கிறேன். திருட்டுக் கேஸில் ஒரு பையனைக் கொண்டுவருகிறார்கள், பேர் கேட்டு, அப்பா பேர் கேட்டு, அப்பா பேர் காதில் விழுந்ததும் ஸ்டேஷன் ரைட்டர் பேனாவை வைத்துவிட்டு, "ஓ, அவன் மகனா?" என்று ஒரு சிரிப்பு சிரிக்கிறார். விசாரணை அந்த இடத்தில் பாதி முடிந்துவிட்டது. நாளைக்கு எங்காவது ஆடு காணாமல் போனால் முதல் கதவு அவன் வீட்டுக் கதவு. இனி ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்கும் நன்னடத்தை ஜாமீனுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) முன்னால் நிறுத்துவார்கள், முன்பு கூப்பிட்டவர் எவரும் இனி வேலை தரமாட்டார், கடைசியில் அவனைச் சேர்த்துக்கொள்ள ஒரே ஒரு கூட்டம்தான் மிச்சம். அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் லெமர்ட் 1951இலேயே இதைப் பிரித்து எழுதினார்: முதலில் செய்யும் சின்னப் பிறழ்வு வேறு, முத்திரை விழுந்த பிறகு அதையே வாழ்க்கையாக்கிக்கொள்ளும் பிறழ்வு வேறு. உங்க தாத்தாவின் அனுபவம் இந்த இரண்டாவதைப் பார்த்ததாக இருக்கலாம்.

அரூர், பெயர் வேண்டாம்: வாச்சாத்தி பற்றி நீங்கள் எழுதியே ஆகணும்.

எழுதாமல் இருக்க முடியாது. சித்தேரி மலையடிவாரத்து ஊர், மலையாளி என்ற பழங்குடி மக்கள், கேரளக்காரர்கள் இல்லை. 1992 ஜூன் 20, சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் இறங்கின. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணற்றைக்கூட விடவில்லை. அதன் பிறகு கைதாகிச் சேலம் ஜெயிலுக்குப் போனவர்கள் யார் தெரியுமா? ஊர்க்காரர்கள், அந்தப் பெண்களும் சேர்ந்து.

கடத்தல்காரர் என்ற ஒரு பெயர் ஊர்மேல் விழுந்துவிட்டதால், அவர்களுக்கு நடந்தது எதுவும் குற்றமாகக் கண்ணில் படவில்லை. சி.பி.ஐ. வர வருஷங்கள் ஆயின. 269 அதிகாரிகள், ஊழியர்கள்மேல் வழக்கு. நடக்கும்போதே 54 பேர் இறந்துவிட்டார்கள், மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல், அதே செப்டம்பர் 29. குற்றவாளி என்ற பெயர் இடம் மாற 19 வருஷம், நிலைக்க 31 வருஷம்.

அதே ஆள் மறுபடி: அப்போ சந்தனக் கடத்தலே நடக்கலையா?

நடந்தது, நிறைய நடந்தது. மரம் வெட்டிச் சுமந்த கூலிக்குக் கிடைத்தது எவ்வளவு, லாரியில் ஏற்றி அனுப்பினவருக்குக் கிடைத்தது எவ்வளவு, இதில் எவர் வீடு இடிந்தது என்று கேளுங்கள். இன்னொன்று, 1882 மதராஸ் வனச் சட்டம் வந்தபோதுதான் பரம்பரையாக விறகும் தேனும் கிழங்கும் எடுத்தவர்கள் அத்துமீறியவர்கள் ஆனார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் முகவுரையே பழங்குடிகளுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று ஒப்புக்கொள்கிறது.

கிருஷ்ணகிரி, பேக்கரிக் கடைக்காரர்: ஆடு திருடினா உள்ளே, மலையையே திருடினா அபராதமா?

எல்லா நேரமும் இல்லை, ஆனால் நீங்கள் சொல்வது வெறும் புலம்பலும் இல்லை. சட்டவிரோதக் குவாரிக்குக் கனிமச் சட்டத்தில் ஐந்து வருஷம் வரை சிறை இருக்கிறது, அதே சட்டத்தில் பணம் கட்டிச் சமாதானமாக முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. மின்திருட்டுக்கும் 2003 மின்சாரச் சட்டத்தில் முதல் தடவைக்கு அந்த வழி உண்டு. கோட்டு சூட்டுப் போட்டவர்களின் குற்றத்தைக் குற்றக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டுவிட்டோம் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லேண்ட் 1939இலேயே சொன்னார். ஒரு நல்ல செய்தி: 2024 ஜூலையில் ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் தடவை திருடி, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. ஆனால் ஐயாயிரத்துக்கு இன்றைக்கு எந்தச் சந்தையில் ஆடு கிடைக்கிறது?

சூளகிரி, எருது வளர்ப்பவர்: எருது விடும் விழா நடத்துறது குற்றமா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்க.

தேதியைச் சொன்னால் சொல்கிறேன். 2014 மே 7க்குப் பிறகு கூடாது என்றது உச்ச நீதிமன்றம், 2017 ஜனவரியில் மாநிலச் சட்டத் திருத்தம் வந்து கூடும் என்றானது, 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அது செல்லும் என்றார்கள். அனுமதி வாங்கி, விதிப்படி நடத்தணும். மாட்டைக் கேட்டால் வேறு பதில் வரலாம்.

ஊத்தங்கரை, இரண்டு பெண்களின் அம்மா: எங்க அம்மாவுக்கு 13 வயசில் கல்யாணம். எல்லாமே கட்டமைப்புன்னா 18 என்பதும் சும்மா ஒரு நம்பர்தானே என்று சொந்தக்காரர் வாதாடுகிறார்.

அக்கா, அவரிடம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையும் மனுஷன் கட்டினதுதான் என்று சொல்லுங்கள், கட்டினது என்பதற்காக உடைத்துவிட முடியுமா? கோடு நகர்ந்த கதை உண்மை. சம்மத வயது 1860 சட்டத்தில் 10, 1891இல் 12, இப்போது 18. பெண்ணின் திருமண வயது 1929இல் 14, 1978இலிருந்து 18. ஒவ்வொரு தடவையும் மதம், வழக்கம் என்று எதிர்ப்பு வந்தது. சின்ன உடம்பில் பிரசவம் என்றால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் போராடி நகர்த்தினார்கள். நல்ல கோடுகளும் உண்டு என்பதற்கு இதைத்தான் நான் காட்டுவேன். உங்க அம்மாவைக் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை, அவர் குழந்தையாக இருந்தவர். இன்றைக்கு அதைச் செய்தால் செய்து வைக்கிறவர்கள்மேல் கேஸ், மாப்பிள்ளைமேல் குழந்தைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் போக்சோ சட்டம். யாராவது அவசரப்படுத்தினால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடியுங்கள், சொந்தக்காரர் கோபித்துக்கொண்டால் போகட்டும்.

ஒரு சங்கடமும் இருக்கிறது. 17 வயசுப் பெண்ணும் 19 வயசுப் பையனும் ஓடிப்போனால் அந்தப் போக்சோ சட்டத்திலேயே பையன் ஜெயிலுக்குப் போகிறான், அதிலும் சாதி வேறாக இருந்தால் பெண் வீட்டார் புகார் கொடுக்கும் வேகமே தனி.

பாலக்கோடு, கல்லூரி மாணவர்: சட்டப்படி சரியான கல்யாணம், ஆனால் ஊர் எங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. நாங்கள் என்ன தப்பு செய்தோம்?

சட்டத்தில் ஒன்றுமில்லை தம்பி, வயசு சரியாக இருந்தால் 1954 சிறப்புத் திருமணச் சட்டமே உங்கள் பக்கம். ஆனால் ஊர்க்கட்டுப்பாடு என்று எழுதாத சட்டம் ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் நீங்கள்தான் குற்றவாளி. 2012 நவம்பர் 7 அன்று சாதி தாண்டிய ஒரு காதல் கல்யாணத்தை வைத்து நாயக்கன்கொட்டாய் பக்கம் தலித் மக்கள் வாழும் நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் இருநூறுக்கும் மேல் வீடுகளை எரித்தார்களே, எரித்தவர்களில் பலர் தாங்கள் தண்டனை கொடுப்பதாகத்தான் நினைத்தார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவரின் கல்யாணத்தில் கூடிப் பேசித் தலையிட எந்தக் கூட்டத்துக்கும் உரிமை இல்லை, மாவட்ட போலீஸ் பாதுகாப்பு தரணும் என்று உத்தரவு போட்டிருக்கிறது. எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், ரசீது முக்கியம். மீதி நேரில்.

காவேரிப்பட்டணம்: பக்கத்து வீட்டில் ஒரு பெண் தற்கொலைக்கு முயன்று பிழைத்துவிட்டார். கேஸ் வரும் என்று பயப்படுகிறார்கள்.

முதலில் ஆஸ்பத்திரி, கேஸ் பற்றி அப்புறம். பழைய ஐ.பி.சி. 309 பிரிவு பிழைத்தவரையே தண்டித்தது. அதனால்தான் அந்தக் காலத்துப் புகாரெல்லாம் தீராத வயிற்று வலி என்றே ஆரம்பிக்கும். 2017 மனநலச் சட்டம் வந்தபின், கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்று கருதித் தண்டிக்கக் கூடாது, கவனிப்பு தர வேண்டும் என்றானது. புதிய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை, அரசு ஊழியரை மிரட்ட அப்படிச் செய்தால் மட்டும்தான் குற்றம். அவரைத் தனியாக விடாதீர்கள், 104 அல்லது 14416 உதவி எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள்.

காரிமங்கலம் மாணவி மறுபடி: சார், இதையே புராஜெக்டாகச் செய்ய எங்கே ஆரம்பிக்கலாம்?

மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் பின் பெஞ்சில் ஒரு வாரம் உட்காருங்கள், திறந்த நீதிமன்றம், யாரும் வரலாம். பெட்டி கேஸ், அதாவது சில்லறை வழக்குகள் கூப்பிடும் நேரத்தில் எந்தப் பிரிவு, என்ன தொழில் செய்கிறவர், ஒத்துக்கொண்டாரா, அபராதம் யார் கட்டியது, வக்கீல் இருந்தாரா என்று ஐந்து கட்டம் போட்டு நிரப்புங்கள். அப்புறம் ஏதாவது ஒரு பனையேறி குடும்பத்திடம் 1987க்கு முன்னும் பின்னும் பிழைப்பு எப்படி இருந்தது என்று கேளுங்கள். பேர் எழுத வேண்டாம். போனைச் சைலண்டில் போட்டுப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள், மணி அடித்தால் டவாலி வாங்கி வைத்துக்கொள்வார், சாயங்காலம்தான் கிடைக்கும்.